நியூசிலாந்து விருந்தாளியும் சந்தைக் கக்கூசும்

1968 ஜனவரி 2, செவ்வாய்

சங்கக் கூட்டம். வரவேண்டியவர்கள் முப்பத்திரண்டு பேர், வந்தவர்கள் ஆறு. அதிலும் ஒருத்தி எதிர்வீட்டுக்காரி. என் வீட்டில் என்ன கூட்டம் என்று எட்டிப்பார்க்க வந்தவளைப் பிடித்து உட்காரவைத்து, கூட்டம் ‘சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதிக்கொண்டோம். தலைவி நான்தான். ‘வள்ளியம்மாள், தலைவி, செஞ்சி மாதர் சங்கம்’ என்று ரப்பர் ஸ்டாம்புகூட இருக்கிறது. இவர் (என் வீட்டுக்காரர் உத்திராபதி, கடைத்தெருவில் ஜவுளிக்கடை) அந்த ஸ்டாம்பைப் பார்க்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது, அந்த மூக்குச் சிரிப்பு மட்டும் பழகவில்லை.

காரியதரிசி நீலாஞ்சனா கடிதம் படித்தாள். பெண்கள் பள்ளியில் டீச்சர், ஜைனர்களான நயினார் வீட்டுப் பெண். எங்களில் வியர்க்காமல் இங்கிலீஷ் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு பெண்கள் மாநாட்டில், வெளிநாட்டுச் சங்கங்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு விலாசம் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது நியூசிலாந்தில் ஒரு பால்பண்ணை ஊர். அன்றிலிருந்து அவர்கள் மாட்டுப் படம் அனுப்புவார்கள், நாங்கள் கோட்டைப் படம் அனுப்புவோம். ஒருமுறை முறுக்கு அனுப்பினோம். மாவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘உங்கள் மாவுக்கு நன்றி, சூப்பில் போட்டோம்’ என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது அவர்கள் தலைவி மிசஸ் மெக்கே நேரிலேயே வருகிறாளாம். டில்லியில் உலகப் பெண்கள் கூட்டம் ஏதோ முடித்துக்கொண்டு, இந்த மாதக் கடைசியில் செஞ்சிக்கு. என் வீட்டில் தங்க.

ஐயோ.

கடிதம் எழுதிக்கொண்டிருந்தவரை உலகம் எவ்வளவு சௌகரியமான தூரத்தில் இருந்தது!

ஜனவரி 5, வெள்ளி

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

சந்தையில் பூவாயியிடம் முருங்கைக்கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தேன். சிங்கவரத்துக்காரி. கீரையும் வேர்க்கடலையும் கூடையில் கொண்டுவந்து விற்பவள். புருஷன் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். பேசிக்கொண்டே இருந்தவள் கண் சொருகிச் சாய்ந்தாள். பேரத்தில் ஜெயிப்பதற்கு நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படி. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது.

ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். லேடி டாக்டர் கேட்கக் கேட்க அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். இருட்டோடு கிளம்பி வந்தால் திரும்ப இருட்டும்வரை ஒண்ணுக்குப் போவதில்லையாம்.

“எத்தினி வருஷமா இப்படி?”

“சந்தைக்கு வர ஆரம்பிச்சதுலேருந்து.”

“இப்படியே அடக்கினா கிட்னி போயிடும். உசுருக்கே ஆபத்து. இனிமே அடக்கக் கூடாது, தெரியுதா?”

“போவறதுக்கு எடம் இருந்தா நான் ஏன் டாக்டரம்மா அடக்கறேன்? ஆம்பளைங்களுக்கு செவுரெல்லாம் எடம். நாங்க எந்த செவுத்தாண்ட போய் நிக்கறது?”

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் என்னவோ சுவரைப் பார்த்தேன்.

என் வீடு சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி. அடக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. அனந்தபுரம், சிங்கவரம் என்று அத்தனை ஊர்ப் பெண்கள் அந்த மைதானத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே போகிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தேனா? எம்ப்ராய்டரி வகுப்பு நடத்தினோம். தலையணை உறையில் கிளி போட்டோம். மாதர் முன்னேற்றம்!

ஜனவரி 8, திங்கள்

சந்தை மைதானத்தின் குத்தகைதாரர் ஆதிமூலத்தைப் போய்ப் பார்த்தோம், நானும் நீலாஞ்சனாவும். கூடைக்கு இவ்வளவு என்று வசூல் செய்கிறவர். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்.

“இன்னாமா இது, ஜவுளிக்கடம்மா? சங்கம்னா தையலு, கோலம்னு இருப்பீங்க. கக்கூசுக்கெல்லாமா சங்கம்?”

“சந்தைக்கு வர்ற பொம்பளைங்க உங்களுக்குத்தானே காசு தர்றாங்க?”

“உக்கார்ற எடத்துக்குத் தர்றாங்க. எழுந்து போற எடத்துக்கு இல்ல.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளியே வரும்போது வாய் சும்மா இருக்குமா? நீலாஞ்சனாவிடம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னேன்: “நியூசிலாந்து அம்மா சந்தையைப் பார்க்கணும்னு எழுதியிருக்காங்க. திடீர்னு எங்கயாவது போகணும்னா இன்னா பண்றது? பேப்பர்காரங்க வேற கூட வருவாங்க.”

“எந்த ஊரு அம்மா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெற்றிலையைத் துப்பிவிட்டிருந்தார்.

ஜனவரி 12, வெள்ளி

சந்தையின் கீழ்ச்சுவரை ஒட்டிச் செங்கல் இறங்கிவிட்டது! ஒரு அறை, தகரக் கதவு, தண்ணீர்த் தொட்டி. பூவாயியின் கிட்னிக்கு நகராத செங்கல், இன்னும் செஞ்சியை மிதிக்காத வெள்ளைக்காரிக்கு நகர்கிறது.

பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆதிமூலம் வந்தார். “விருந்தாளி கையால ரிப்பன் வெட்டித் தெறக்கறோம். அவங்க போனதும் பூட்டிருவேன், இப்பவே சொல்லிட்டேன். வெங்காய மூட்ட போட தோதா இருக்கும்.”

வெங்காய மூட்டைக்கா இத்தனை பாடு? நீலாஞ்சனாவோடு உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி தோன்றுகிறது. திறப்புவிழா அன்று சங்கத்துப் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் வந்து நிற்பது. விருந்தாளி முன்னால், போட்டோக்காரன் முன்னால், ‘இது எல்லாப் பெண்களுக்கும்தானே?’ என்று ஒரே குரலில் கேட்பது. அத்தனை பேர் முன்னால் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. ஆறு பேர் கேட்டால் சொல்லிவிடுவார். முப்பத்திரண்டு வேண்டும்.

நீலாஞ்சனா பாதிப் பேச்சில் எழுந்து ஓடினாள். பொழுது சாய்வதற்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் வீட்டில் விளக்கு வைத்தபிறகு சோறு கிடையாது. சதித்திட்டம்கூட வெளிச்சத்திலேயே தீட்டவேண்டியிருக்கிறது.

ஜனவரி 17, புதன்

பொங்கல் முடிந்து வீடு முழுக்கக் கரும்புச் சக்கை.

தேதி குறித்தாயிற்று. மிசஸ் மெக்கே இருபத்தேழிலிருந்து முப்பதுக்குள் எந்த நாளும் சம்மதம் என்று தந்தி அடித்திருந்தாள். ஆதிமூலம் காலண்டரை இறக்கிவைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இருபத்தேழு அஷ்டமியோ நவமியோ என்று எதையோ முணுமுணுத்துத் தள்ளினார். சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. “இருவத்தொம்போது. நெறஞ்ச அமாவாச. ராகுகாலம் ஒம்போது மணிக்கு முடிஞ்சிருது. ஒம்போதேகாலுக்கு ரிப்பன்.” நானும் “நிறைஞ்ச நாள், நிறைஞ்ச நாள்” என்று தலையாட்டினேன். கடைக் கணக்கு போடுவதிலிருந்து காது குத்துவதுவரை எங்கள் வீட்டில் எல்லாமே அமாவாசை பார்த்துத்தான். நோட்டீசும் அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 21, ஞாயிறு

செத்தேன்.

நீலாஞ்சனா மத்தியானம் வந்தாள். நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, இருவத்தொம்போது தை அமாவாசையாமே. அன்னிக்கி செஞ்சில எந்தப் பொம்பள இருப்பா?”

எந்தப் பொம்பளையும் இருக்கமாட்டாள்! மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில். மாதா மாதம் அமாவாசைக்கு ஊரே அங்கே போகிறது, தை அமாவாசைக்குக் கேட்கவேண்டுமா? ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நானே போவதாக இருந்தேன். வேண்டுதல். ஸ்பெஷல் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது என்றுகூட எதிர்வீட்டுக்காரியோடு பேசிவைத்திருந்தேன்! அமாவாசை நல்ல நாள் என்பது ஒரு மண்டைக்குள் இருந்தது, அமாவாசைக்கு மலையனூர் என்பது இன்னொரு மண்டைக்குள் இருந்தது. இரண்டும் என் கழுத்தின்மேல் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. ஆதிமூலத்துக்கும் அப்படியே. ஜைனப் பெண் ஒருத்தி வந்து சொல்லவேண்டியிருந்தது.

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். “வேற நாளு வெச்சா வரேன்க்கா, அம்மன்கிட்ட விளையாடக் கூடாது” என்கிறார்கள். வருகிறேன் என்றவர்கள் நாலு பேர். தேதியை மாற்றலாமா என்றால் மிசஸ் மெக்கே ரயிலில் எங்கேயோ இருக்கிறாள், ஆதிமூலத்தின் நோட்டீஸ் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது.

நாலு பேர் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் பூட்டுவார்.

ஜனவரி 24, புதன்

பூவாயி மறுபடி சந்தையில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் வீங்கியிருக்கிறது. “டாக்டர் இன்னா சொன்னாங்க?” என்று கத்தினேன்.

“நாலு நாளு வரலன்னா எடத்த வேற ஆளு புடிச்சிக்கும், கடக்காரம்மா. அப்பறம் புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?”

கீரை வாங்கினேன், பேரம் பேசவில்லை. அதற்கும் முறைத்தாள்: “இன்னா, சாவப்போறேன்னு தருமம் பண்றியா?”

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய். விருந்தாளிக்குக் கட்டில் வாங்கவில்லை, கொசுவலை கிழிசல், எங்கள் வீட்டுக் கொல்லைக் கக்கூஸை நினைத்தால் உலகச் சகோதரத்துவமே வேண்டாம் போலிருக்கிறது. இவர் கேட்கிறார்: “அந்தம்மாவுக்கு இட்லி குடுக்கறியா, இல்ல மாவாவே குடுத்துடறியா?” மூக்குச் சிரிப்பு.

ஜனவரி 28, ஞாயிறு

நாளை மழை பெய்து எல்லாம் நின்றுபோனால் தேவலை. தை மாதத்தில் மழைக்கு வேண்டிக்கொண்ட முதல் பைத்தியம் நான்தான்.

ஜனவரி 30, செவ்வாய்

நேற்று எழுதத் தெம்பில்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணிக்கே பஸ் ஸ்டாண்டு தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. மஞ்சள் சேலை, வேப்பிலை, எலுமிச்சம்பழ மூட்டை, இடுப்பில் குழந்தை. எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ வந்து செஞ்சியில் இறங்கி மலையனூர் ஸ்பெஷலுக்கு நிற்கிறார்கள். ஸ்டாண்டு கொள்ளாமல் சந்தை மைதானத்துக்குள்ளும் வழிந்துவிட்டார்கள். ஆதிமூலம் பட்டு அங்கவஸ்திரத்தோடு பந்தலுக்கு முன்னால் நின்று “ஒதுங்கு, ஒதுங்கு” என்று கத்திக்கொண்டிருந்தார். யார் ஒதுங்குவார்கள்? திண்டிவனத்திலிருந்து வந்த போட்டோக்காரன் ஒரு மாட்டுவண்டிமேல் ஏறி நின்றான். சங்கத்தின் சார்பில் நான், நீலாஞ்சனா, இன்னும் மூன்று பேர். நாலாவது ஆள் மஞ்சள் சேலையோடு வந்து, “ஒரு நிமிஷம் தலைய காட்டிட்டுப் போறேன்க்கா” என்று சொல்லிக் கூட்டத்தில் கரைந்தாள்.

ஒன்பதேகால். விருந்தாளியைக் காணோம். ஒன்பதரை. ஆதிமூலம் என்னை எரித்துவிடுவதுபோல் பார்க்கிறார். பத்தரைக்கு எமகண்டம் பிறந்துவிடுமே! விருந்தாளி வந்த கார் பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். அறுபது வயசிருக்கும். பனைமரம் மாதிரி உயரம், தலையில் பூப்போட்ட தொப்பி, முகம் தக்காளி. கும்பிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. கீரைக்கூடையோடு ஓரமாக நின்ற பூவாயி எட்டி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாடு கறக்கற கையிமா இது!” என்றாள். நீலாஞ்சனா மொழிபெயர்த்ததும் தொப்பிக்காரி தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

ரிப்பன் வெட்டினாள். பேசச் சொன்னோம். ஒரே ஒரு கதை சொன்னாள், நீலாஞ்சனா கத்திக் கத்தித் தமிழில் சொன்னாள். அவர்கள் ஊரிலும் பண்ணைப் பெண்கள் சாமான் வாங்க டவுனுக்கு வந்தால் போக இடம் கிடையாதாம். ஆண்களுக்குச் சாராயக் கடை இருந்ததாம். பெண்கள் குதிரைவண்டியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்களாம், குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூட மறைவு இல்லாமல். அவளுடைய அம்மாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து டவுனில் ஒரு அறை கேட்டுப் போராடினார்களாம். “எங்க சங்கம் ஆரம்பிச்சதே அதுக்குத்தான். கேக் சுடறதுக்கு இல்ல.”

இரண்டு வருஷமாக மாட்டுப் படம் அனுப்பினார்களே, இதை ஏன் ஒருத்தியும் எழுதவில்லை? நாங்களும்தான் எழுதினோமா? கிளி போட்ட தலையணை உறையை அல்லவா அனுப்பினோம். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் கொல்லைப்புறத்தைக் காட்டுவோமா?

நான் கேட்கவேண்டிய கேள்வியை ஐந்து குரலை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று திரும்பிப் பார்க்கிறேன், தகரக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஆள்! வேப்பிலை மூட்டையை வாசலில் வைத்துவிட்டு யாரோ ஒரு கிழவி உள்ளே நுழைந்துவிட்டாள். பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் பத்து, இருபது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே வரிசை சேர்ந்து, பந்தலைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போயிருந்தது.

“ஏய்! யாரு உள்ள? இது விருந்தாளிக்கு! ஸ்பெஷலு!” ஆதிமூலம் கத்தினார்.

“நாங்களும் ஸ்பெஷலுக்குத்தான்யா நிக்கறோம்,” என்றாள் வரிசையில் ஒருத்தி.

“பூட்டுடா!” என்றார் தன் ஆளிடம். அவன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றான். எப்படிப் பூட்டுவான்? உள்ளே எப்போதும் ஒருத்தி இருக்கிறாள். அவள் வெளியே கால் வைக்குமுன் அடுத்தவள் உள்ளே. கையைப் பிடித்து இழுக்கலாமா? எல்லாரும் அங்காளம்மனுக்கு விரதம் இருந்து போகிறவர்கள். அமாவாசையில் அவர்கள்மேல் கை வைக்கிற ஆண்பிள்ளை இந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. “இன்னா தம்பி, பூட்டு கனக்குதா? கீழ வெச்சிட்டு உக்காரு,” என்று போகிற ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆதிமூலம் வழிந்துகொண்டே மிசஸ் மெக்கேயிடம் வந்து, “நீங்க மொதல்ல போங்க மேடம்” என்று கையால் வழி காட்டினார். அந்த அம்மாள் வரிசையைப் பார்த்தாள். அதன் முனை தெரியவில்லை. முனையைத் தேடிக்கொண்டு நடந்து, கடைசியில் போய் நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன். அப்புறம் நீலாஞ்சனா. வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போட்டோக்காரன் வண்டிமேலிருந்து இறங்கவே இல்லை. பூவாயி கூடையைக் கதவருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, “உள்ள போய்த் தூங்காதீங்க, வெளில ஊரே நிக்குது!” என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஸ்பெஷல் போகும்வரை அந்த ஆள் பூட்டோடு நின்றான்.

இன்று சாயங்காலம் மிசஸ் மெக்கே கிளம்பிவிட்டாள். இட்லியைக் கரண்டியால் சாப்பிட்டாள், எங்கள் கொல்லைப்புறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தாள். என் தலை அவள் தோளுக்குத்தான் வந்தது.

ஜனவரி 31, புதன்

பூட்டிவிட்டார். காலையிலேயே. எனக்குத் தெரியும், இருந்தாலும் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். விருந்தாளியும் இல்லை, அமாவாசையும் இல்லை. பேப்பரில் படம் வந்திருக்கிறது: ‘வரிசையில் நின்ற வெளிநாட்டுப் பெண்மணி.’ ஆதிமூலத்தின் அங்கவஸ்திரத்தில் பாதி மட்டும் விழுந்திருக்கிறது. அந்தக் கோபமும் சேர்ந்திருக்கும்.

பூவாயிக்கு மறுபடி ஜுரமாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

சந்தைப் பெண்கள் எழுபது எண்பது பேர் கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றார்கள். நான் சொல்லித்தரவில்லை, சத்தியம். வரிசையில் நின்று பழகிவிட்டார்கள். “தெறந்தாத்தான் எறக்குவோம். எறக்கினாத்தான் காசு” என்கிறாள் பூவாயி, ஜுரத்தோடு.

ஆதிமூலம் நேரே என்னிடம் வந்தார். “சரிமா. தெறக்கறேன். கழுவறது யாரு? அமாவாச அன்னிக்கி எப்படி இருந்துச்சின்னு பாத்தீங்க இல்ல? என் ஆளு தொடமாட்டான். சங்கத்துப் பொம்பளைங்க கழுவுவீங்களா? நீங்க கழுவுவீங்களா, ஜவுளிக்கடம்மா?”

எண்பது முகமும் என்னைத்தான் பார்க்கிறது.

“கழுவுவோம்,” என்றேன்.

என் வாய் இருக்கிறதே, அதை என்னோடு சேர்த்து எரிக்கக் கூடாது, தனியாக எரிக்கவேண்டும்.

பிப்ரவரி 3, சனி

இவர் பேசவில்லை. மூக்குச் சிரிப்பும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கடைசியில் ஒன்று சொன்னார்: “கடைத்தெருவுல நான் எப்படித் தலைய காட்டறது?”

சங்கத்தில் பதினோரு பேர் ராஜினாமா. மீதியில் முறை போட்டோம். முதல் முறை தலைவிக்கு. பூவாயி, “எங்களுக்கும் முறை போடு, நாங்க இன்னா விருந்தாளியா?” என்றாள். போட்டோம்.

எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக இத்தனை வருஷம் ஒருத்தி வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை. முதுகுதான் ஞாபகம் வருகிறது.

பிப்ரவரி 5, திங்கள்

போனேன். வாளி, துடைப்பம், பினாயில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைத்தெரு வழியாக. தெருவே வேலையை நிறுத்தியது. வாந்தி வந்தது, எடுத்தேன், அதையும் சேர்த்துக் கழுவினேன்.

துணைக்கு வந்த நீலாஞ்சனா பினாயில் பாட்டிலைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். “புழு பூச்சி சாவுமே அக்கா?” சாகத்தானே ஊற்றுகிறோம்? சரி, நீ தண்ணீர் மட்டும் இறைத்துக் கொடு என்றேன். அவர்கள் வீட்டு வழக்கப்படி வெள்ளைத்துணியைக் கட்டி வடிகட்டி வடிகட்டிக் கொடுத்தாள். வடிகட்டின தண்ணீரில் கழுவின கக்கூஸ் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். நியூசிலாந்திலும் கிடையாது.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை தலைக்குக் குளித்தேன். இவர் சாப்பிட வரவில்லை.

பிப்ரவரி 14, புதன்

இவர் பேசினார்! சேதி என்னவென்றால், முன்பெல்லாம் மத்தியானமானால் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிற வெளியூர்ப் பெண்கள் இப்போது சாவகாசமாகக் கடைக்குள் வந்து உட்கார்ந்து பத்துப் புடவை பிரிக்கச் சொல்லி ஒன்று எடுக்கிறார்களாம். “அந்தத் தொட்டிக்குத் தண்ணி போதுதா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். வியாபாரியின் மனசு மாறுவது கல்லாப்பெட்டி வழியாகத்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை, எந்த வழியாக வந்தால் என்ன?

மார்ச் 9, சனி

மிசஸ் மெக்கேயிடமிருந்து கடிதம். வரிசைக் கதையை அவர்கள் கூட்டத்தில் சொன்னாளாம். அங்கே ஒரு கிழவி எழுந்து, குதிரைவண்டியில் உட்கார்ந்திருந்தவர்களில் தானும் ஒருத்தி என்று சொல்லி அழுதாளாம். ஃபிஜித் தீவில் ஒரு சங்கத்துக்கும் எழுதியிருக்கிறாள். அவர்கள் எங்கள் விலாசம் கேட்கிறார்களாம், ‘செஞ்சியில் எப்படிச் சாதித்தீர்கள்?’ என்று தெரிந்துகொள்ள.

எப்படிச் சாதித்தோம்? தேதியைத் தப்பாகக் குறித்தோம் என்று எழுதவா? நீலாஞ்சனா அப்படியே எழுதலாம் என்கிறாள். எழுதச் சொல்லிவிட்டேன்.

பூவாயியை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். வீக்கம் வடிந்திருக்கிறது. “பொழச்சிக்குவ” என்றாள் டாக்டர். திரும்பி வரும்போது பூவாயி முருங்கைக்கீரைக்குப் பழைய விலையைவிடக் கூடுதலாகச் சொன்னாள். சண்டை போட்டேன். மனசுக்கு இதமாக இருந்தது.

ஏப்ரல் 24, புதன்

அனந்தபுரம் மாதர் சங்கத்தில் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஆரம்பித்த சங்கம், சிறப்பு விருந்தினர் நான். பஸ் படியிலேயே மாலை போட்டார்கள். கனகாம்பரம், கழுத்தெல்லாம் அரிப்பு. வரவேற்புரையில் ஒரு பெண் என்னை ‘உலகப் பெண்கள் இயக்கத்தின் செஞ்சிப் பிரதிநிதி’ என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் போட்ட எம்ப்ராய்டரியைக் காட்டினார்கள். கிளிதான். கலர் சோடா கொடுத்தார்கள், குடித்தேன். வெயில், இன்னொன்று கொடுத்தார்கள், அதையும் குடித்தேன். கடைவீதியைச் சுற்றிக் காட்டினார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

தலைவியைத் தனியாக அழைத்துக் காதோடு காதாகக் கேட்டேன். அவள் காரியதரிசியைப் பார்த்தாள். காரியதரிசி கனகாம்பரம் போட்ட பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

அங்கேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்தேன். அவர்களையும் உட்காரச் சொன்னேன்.

“சரி. இங்க சந்தை குத்தகை எடுத்திருக்கறது யாரு?” என்றேன்.